கழற்ற வேண்டிய நாளுக்கு முன்பே கழற்றுங்கள்: மலைநாட்டு மழையில் பழைய பைக்கின் நட்டும் போல்ட்டும்

ஜூலை மாதம், மாலை நாலரை மணி இருக்கும். நோர்வூட்டைத் தாண்டி மஸ்கெலியாப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். விட்டும் விடாமலும் தூறல். பின் சக்கரம் பஞ்சர். டியூப் மாற்ற எனக்குத் தெரியும், மாற்று டியூபும் பையில் இருந்தது. சக்கரத்தின் நடுவே போகும் அக்சல் தண்டின் நட்டை, ஸ்பேனரின் மேல் ஏறி நின்று, ஒருவழியாகக் கழற்றிவிட்டேன். அக்சல்தான் வெளியே வரவில்லை. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து ஒரு தட்டு, இரண்டு தட்டு, பிறகு ஆத்திரத்தில் பத்துத் தட்டு. அக்சலின் முனை காளான் மாதிரி விரிந்து, மரையும் நசுங்கிப் போனது. அந்த வழியாக வந்த கொழுந்து லொறிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்ளாவிட்டால் அன்று இரவு ரோட்டில்தான்.

மறுநாள் டிக்கோயாவில் கராஜ் வைத்திருக்கும் அண்ணன் அதை இரண்டு மணி நேரம் சூடாக்கி, அடித்து, முடியாமல் கடைசியில் வாளால் அறுத்து எடுத்தார். உள்ளே ஸ்பேசர் குழாயும் அக்சலும் ஒரே இரும்பாகி இருந்தன. அக்சல், ஸ்பேசர், இரண்டு பெயாரிங், கூலி என்று செலவு. "வருசத்துக்கு ஒருக்கா இத வெளிய எடுத்து கிரீஸ் பூசியிருந்தா போதும் தம்பி. பத்து நிமிச வேல" என்றார்.

அந்தப் பத்து நிமிட வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தப் போல்ட்டையும், அதைக் கழற்றியே ஆக வேண்டிய நாள் வருவதற்கு முன்னால், நல்ல வெயில் நாளில், உங்கள் வீட்டு இஸ்தோப்பில் வைத்து ஒரு முறை கழற்றிப் பூட்டிவிடுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அதற்குள் நம் பக்கத்தில் ஓடும் சிடி 125, சிஜி 125, எம்டி 90, ஆர்எக்ஸ் 100 எல்லாம் இன்னும் கொஞ்சம் கிழடாகிவிட்டன. அவற்றை ஓடவைப்பது இனி நம் கையில்தான் இருக்கிறது.

ஏன் இறுகுகிறது

நம் ஊரில் இரண்டு விதமாக இறுகும். இரண்டையும் கண்ணாலேயே பிரித்துச் சொல்லலாம்.

ஒன்று, இரும்புக்குள் இரும்பு. அக்சல், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) போல்ட், ஸ்டாண்ட் போல்ட் எல்லாம் இந்த வகை. யாழ்ப்பாணத்தார் கறள் என்பார்கள், நாம் துரு என்போம். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு கூடும். மயிரிழை இடைவெளிக்குள் அது ஊதிப் பெருத்தால் போல்ட் எந்தப் பக்கமும் அசைய இடமில்லாமல் போகும்.

மற்றது, அலுமினியத்துக்குள் இரும்பு. எஞ்சின் மூடிகளில் உள்ள ஸ்குரூக்கள், காபரேட்டர் ஸ்குரூக்கள், சைலன்சரைப் பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) எல்லாம் இப்படித்தான். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலைசெய்யும், அதில் அரிபடுவது அலுமினியம். எஞ்சினின் இடது மூடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஸ்குரூத் தலையைச் சுற்றி வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளைப் பொடி தெரிந்தால் உள்ளே மரையிலும் அதே பொடி கெட்டித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு மழை மட்டும் காரணம் இல்லை. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்யும், உண்மைதான். ஆனால் மழை குறைந்த நுவரெலியா ஜனவரியிலும் பைக் துருப்பிடிக்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இரவுக் குளிர் இறங்கும்போது, பகலில் சூடான இரும்பு ஆறிக் குளிர்ந்து, அதன் மேல் பனி வேர்க்கும். காலையில் சீட்டைத் தொட்டால் கை நனைகிறதே, அதே ஈரம் போல்ட் மரைக்குள்ளும் போய் உட்காருகிறது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு, உரம். தேயிலை உரக் கலவையில் யூரியாவோடு பொட்டாசியம் குளோரைட்டும் சேரும். அது உப்பின் உறவுதான். ஓட்டைச் சாக்கைப் பின் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வந்தால், சிந்திய பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஃபிரேமின் மூலைகளில் தங்கிவிடும். உரம் ஏற்றிய அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். நீர்கொழும்பு, காலி, மன்னார்ப் பக்கம் ஓடிய பைக்கை வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். கடல் உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கும். அப்படிப்பட்ட பைக்குக்கு இந்த வேலையை வாங்கிய முதல் மாதமே செய்யுங்கள்.

எப்போது செய்வது

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்தாருக்குத் தென்மேற்குப் பருவ மழை மேயில் பிடிக்கும். ஆகவே சித்திரை வருடப் பிறப்பு லீவு நாட்கள்தான் சரியான காலம். பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் கதை வேறு. அங்கே ஜூலை, ஆகஸ்டில் காய்ந்த காற்று வீசும், கனத்த மழை ஒக்டோபருக்குப் பிறகு. அவர்கள் செப்டம்பரில் செய்யலாம். முழுப் பைக்கையும் ஒரே நாளில் பிரித்துப் போட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரம், அடுத்த ஞாயிறு எஞ்சின் மூடிகள் என்று நாலைந்து வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக பைக் வேண்டுமே.

கையில் வேண்டியவை

8, 10, 12, 14, 17, 19 அளவு ரிங் ஸ்பேனர்களும் சொக்கெட்டுகளும். சொக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு முனை உள்ளது, பழைய போல்ட்டின் தலையை வழித்துவிடும். இரண்டு பக்கம் திறந்த ஸ்பேனரை இறுகிய போல்ட்டில் வைக்கவே வேண்டாம்.

புதியவர்களைக் குழப்பும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 6 மி.மீ. போல்ட் என்றால் அதன் தண்டின் அளவு. ஜப்பான் பைக்கில் அதைப் பிடிக்கும் ஸ்பேனர் 10. 8 மி.மீ. போல்ட்டுக்கு ஸ்பேனர் 12, 10 மி.மீ. போல்ட்டுக்கு 14. ஹார்ட்வெயார் கடைப் போல்ட்டுக்குத் தலை அளவு வேறாக இருக்கும். அதைவிட ஆபத்தானது மரையின் இடைவெளி. ஜப்பான் பைக்கில் 10 மி.மீ. போல்ட்டுக்கு மரை பெரும்பாலும் 1.25 மி.மீ. இடைவெளியில் இருக்கும், ஹார்ட்வெயாரில் பொதுவாகக் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும், "கொஞ்சம் பலமா முறுக்கினா போயிரும்" என்று தோன்றும். முறுக்கினால் துளையின் மரை போய்விடும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய், இரண்டின் மரைகளையும் ஒன்றோடொன்று பல் சேர்த்து வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாமல் பொருந்த வேண்டும்.

அடுத்தது ஸ்குரூ டிரைவர். ஜப்பான் பைக்கின் கூட்டல் குறி ஸ்குரூக்கள் சாதாரண ஃபிலிப்ஸ் வகை இல்லை, ஜேஐஎஸ் என்னும் ஜப்பான் அளவு. பல ஸ்குரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். ஃபிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராது, பலம் கொடுத்ததும் வழுக்கி மேலேறித் தலையைத் தின்றுவிடும். நம் ஊரில் வழிந்துபோன மூடி ஸ்குரூக்களில் பாதி இதனால் போனவைதான். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்றும், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் இருந்தால் வாழ்நாளுக்குப் போதும்.

இவற்றோடு கம்பி பிரஷ், பழைய பல் பிரஷ், பெயாரிங் கிரீஸ் ஒரு டின், மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும், சூடு தாங்கும் அன்டி-சீஸ் பசை ஒரு டியூப், இறுகிய மரைக்குள் ஊடுருவும் துளைக்கும் எண்ணெய் ஒரு போத்தல். போல்ட்களைப் போட்டு வைக்க முட்டை அட்டை. கழற்றிய வரிசையில் குழிகளில் வைத்துக்கொண்டே வந்தால் எது எங்கே என்று தேட வேண்டியதில்லை. எஞ்சின் மூடி ஸ்குரூக்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் மூடியே வெடிக்கும்.

எண்ணெய் பற்றி இரண்டு வார்த்தை. டபிள்யூடி-40 நல்ல பொருள்தான், ஆனால் அது காவல் எண்ணெய் இல்லை. 1953இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்காக உருவாக்கினார்கள். பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளுக்கும் அதுதான் பொருள், 40 என்பது நாற்பதாவது முயற்சி. தெளித்துவிட்டு "மசகு போட்டாச்சு" என்று விட்டுவிட்டால் சில மழையில் அது இருந்த இடம் தெரியாது. தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், நம் மலையில் பாதி நாள் அதற்கும் குறைவுதான். நாள்பட்டால் பிசினாகி, தூசியையும் பிடித்துக்கொள்ளும்.

செய்முறை

முந்தின நாள் மாலையே, கழற்றப்போகும் போல்ட்களின் மண்ணைப் பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மரை தொடங்கும் இடத்தில் துளைக்கும் எண்ணெய் விடுங்கள். எண்ணெயைத் தலைமேல் ஊற்றிப் பயனில்லை, தலைக்கும் உடலுக்கும் இடையிலான கோட்டில் விட வேண்டும். போல்ட்டின் பின்முனை வெளியே தெரிந்தால் அங்கேயும் விடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும்.

காலையில் ஸ்பேனரை வைப்பதற்கு முன், போல்ட் தலையின் நடுவில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. கெட்டித்த துரு இதில் விரிசல் விடும். பிறகு, கழற்றுவதற்கு முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது அசையுங்கள். மயிரளவு அசைந்தாலும் போதும், பிடி விட்டுவிட்டது. அதன்பின் கழற்றுங்கள். கால் சுற்று வந்து "கிர்ர்ர்" என்று கடினமானால் இழுக்காதீர்கள். திரும்ப உள்ளே சிறிது, எண்ணெய், மறுபடி வெளியே. ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். கையில் ரப்பர் மாதிரி ஒரு இழுவை தெரிந்தால், அதாவது திரும்புகிறது ஆனால் கழலவில்லை என்றால், அந்த நொடியே நிறுத்துங்கள். போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது, அடுத்தது முறிவுதான்.

அலுமினிய மூடியில் ஸ்குரூ அசையாவிட்டால் நெருப்பு வேண்டாம், மேலே பெற்றோல் டாங்க் இருக்கிறது. தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலை எடுத்து வாருங்கள். கொதிநீரை அந்த ஸ்குரூவைச் சுற்றி மூடியின்மேல் மெதுவாக ஊற்றுங்கள். அதே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை தளரும். உடனே இம்பாக்ட் டிரைவரை வைத்து ஒரே அடி. என் பைக்கில் மூன்று ஸ்குரூக்களை இப்படித்தான் எடுத்தேன்.

கழன்ற போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் மரை பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். துளைக்குள் பழைய பல் பிரஷ்ஷைப் பெற்றோலில் நனைத்துச் சுழற்றி, துணியால் துடைத்து, காய விடுங்கள். மறுபக்கம் அடைத்த துளையாக இருந்தால் உள்ளே எண்ணெயோ பெற்றோலோ தேங்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக வழியில்லாமல் அலுமினியத்தையே பிளந்துவிடும். தலை வழிந்தது, மரை தேய்ந்தது எதையும் திருப்பிப் போடாதீர்கள்.

பூசுவதற்கு நெல்மணி அளவு கிரீஸ் போதும். மரையின் பள்ளங்கள் நிறைந்து, மேடுகள் தெரிய வேண்டும். பிறகு கட்டாயம் விரலாலேயே மூன்று நான்கு சுற்றுப் பூட்டுங்கள். விரலுக்கு வராதது ஸ்பேனருக்கும் வரக் கூடாது, கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம்.

இறுக்கும் அளவு: ஹொண்டா பைக்குகளின் பொது அளவாகக் கொடுக்கப்படுவது 5 மி.மீ. போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீற்றர், 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 22. உங்கள் பைக்கின் கையேட்டில் தனி அளவு கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். 10 நியூட்டன் மீற்றர் என்பது, போல்ட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் ஏறக்குறைய 10 கிலோ எடை தொங்குகிற பலம். ஒரு தடவை 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பாருங்கள், கைக்கு நினைவிருக்கும். இந்த அளவுகள் உலர்ந்த மரைக்கானவை. கிரீஸ் போட்ட மரையில் வழுக்கல் கூடுவதால் அதே பலத்துக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். நான் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் இறுக்குவேன்.

தனிக் கவனம் வேண்டிய இடங்கள்

ஸ்விங் ஆர்ம் போல்ட்டுக்குத்தான் நான் மிகவும் பயப்படுவேன். அக்சலாவது பஞ்சர் வந்தால் கழலும். இந்த நீள போல்ட்டைப் பத்து வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், சேறு முழுக்க அதன்மேல்தான் அடிக்கிறது. நடு ஸ்டாண்டில் பைக்கை நிறுத்தி, நட்டைக் கழற்றி, மரை நசுங்காமலிருக்க அதே நட்டை முனையோடு மட்டமாகத் திருப்பிப் போட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். அசைந்ததும் நட்டை எடுத்துவிட்டு, போல்ட்டைவிடச் சற்றே மெல்லிய ஒரு கம்பியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வாருங்கள். போல்ட் வெளியே வர, கம்பி அதன் இடத்தில் நின்று ஆர்மைத் தாங்கும். சக்கரம், செயின் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. போல்ட்டைத் துருப் போகத் தேய்த்து, முழு நீளத்துக்கும் தாராளமாகக் கிரீஸ் பூசி, கம்பியைத் தள்ளிக்கொண்டே உள்ளே விடுங்கள். அரை மணி நேரம்.

அக்சல்களுக்கும் அதே கதைதான். முன், பின் இரண்டையும் எடுத்துத் தண்டு முழுக்க மெல்லியதாகக் கிரீஸ். பிரேக் ட்ரம்முக்குள் ஒரு துளிகூடப் போகக் கூடாது. சக்கரத்தை எடுத்த கையோடு, ட்ரம் பிரேக்கை விரிக்கும் கேம் தண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் பட்டும் படாமலும் பூசுங்கள். அது இறுகினால் மிதித்த பிரேக் திரும்பி வராது, ரம்பொடை இறக்கத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. செயின் இழுக்கும் போல்ட் இரண்டுக்கும் கிரீஸ்.

சைலன்சர் நட் எஞ்சின் தலையில் உள்ள ஸ்டட்டில் இருக்கிறது. சூடும் மழையும் மாறி மாறிப் படுகிற இடம். இதில் அவசரப்பட்டால் ஸ்டட் முறிந்து, எஞ்சின் தலையை லேத்துக்குக் கொண்டுபோக வேண்டி வரும். மூன்று மாலைகள் தொடர்ந்து எண்ணெய் விடுங்கள். நாலாம் நாள் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறியதும் மெதுவாக முயலுங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு ஒரு நல்ல மெக்கானிக் பாஸிடம் கொடுங்கள், அதில் வெட்கம் இல்லை. கழன்றுவிட்டால் பித்தளை நட் போடுங்கள், ஸ்டட்டோடு துருவாகி ஒட்டாது. சாதாரணக் கிரீஸ் இங்கே எரிந்து கரியாகும், அன்டி-சீஸ் பசைதான் வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள். புதிய பிளக் என்றால் கையால் கடைசிவரை பூட்டி, ஸ்பேனரால் அரைச் சுற்று. பழையதையே திருப்பிப் போட்டால் தொட்டதும் கொஞ்சம், பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று. முலாம் பூசிய பிளக்குக்கு அன்டி-சீஸ் பசை வேண்டாம் என்று பிளக் செய்யும் என்ஜிகே நிறுவனமே சொல்கிறது.

கண்ணாடித் தண்டு, லீவர் போல்ட், ஸ்டாண்ட் போல்ட் எல்லாவற்றுக்கும் ஒரு தொடு கிரீஸ், அவ்வளவுதான். யமஹா வைத்திருப்பவர்கள் மட்டும், வலப்பக்கக் கண்ணாடியின் மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். பேட்டரி முனைகளுக்கு வாஸ்லின்.

பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட ஆசை வரும். அலுமினியத்துக்குள் பசை இல்லாமல் அதைப் போட்டால் அலுமினியம்தான் அரிபடும். அக்சல், பிரேக் பிடிக்கும் இடங்களில் அது வேண்டவே வேண்டாம். அங்கே பலம் கணக்கிட்டுச் செய்த அசல் போல்ட்தான் வேண்டும்.

மழைக்காலத்தில்

அழுத்தத் தண்ணீர் அடிக்கும் இடங்களில் அக்சல், ஸ்விங் ஆர்ம், ஹெட் பெயாரிங் பக்கம் குழாயைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுவி முடிந்ததும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டினால் சூட்டிலும் காற்றிலும் ஈரம் போகும். கழுவிய கையோடு பொலித்தீன் உறையைப் போட்டு மூடிவிடாதீர்கள், உள்ளே ஆவி கட்டி விடியும்வரை சொட்டும். மூடத்தான் வேண்டுமென்றால் சாக்குத் துணி நல்லது.

நான் ஒரு சிறு கொப்பியை சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கழற்றிய திகதி, பூசியது என்ன, வந்தது லேசாகவா கஷ்டமாகவா, மூன்று வார்த்தைதான். இரண்டு வருடத்தில் எந்தப் போல்ட்டுக்கு அடிக்கடி கிரீஸ் வேண்டும் என்று அதுவே சொல்லிவிட்டது. போன சித்திரையில் பின் அக்சலுக்கு எதிரே எழுதியிருப்பது: "கட்டை விரலால் தள்ளினேன், வந்தது."